எப்பப் பாத்தாலும் பசிக்குதுங்குற பிள்ளைக்கு என்ன பண்ணலாம்

சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகல, அதுக்குள்ள ஃப்ரிட்ஜ தொறந்து வச்சுட்டு நிக்குற பிள்ளைய திட்டி ஒண்ணும் ஆகப்போறதில்ல. கண்ணு முன்னாடி பலகாரத்த வச்சுட்டு தொடாதன்னு சொல்றது அதவிட மோசம். லீயான் பர்ச்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர், அவங்க டீம் 1990கள்ல சின்னப் பசங்கள வச்சுப் பாத்தப்போ, தடை போட்ட ஸ்நாக்ஸ் மேலதான் பசங்களுக்கு ஆசை இன்னும் கூடுச்சு. (ப்ராடர்-வில்லினு ஒரு மரபணுக் கோளாறு இருக்கு, அதுல பசி அடங்கவே அடங்காது, அங்க சாப்பாட்ட பூட்டி வைக்கிறதுதான் வைத்தியத்துலயே ஒரு பகுதி. அது வேற கதை.)

அதனால பூட்டாதீங்க, வாங்காம இருங்க. சிப்ஸ், கூல்டிரிங்க்ஸ் வீட்டுலயே இல்லன்னா சண்டையே வராது. ஆனா இது எல்லாருக்கும்தான், அப்பாவுக்கும் ஒல்லியா இருக்குற தம்பிக்கும் சேத்துதான், ஒருத்தர மட்டும் தனியா டயட்ல வச்சா அது தண்டனைதான். குழந்தைங்க உடல் பருமன பத்தி ஆராய்ச்சி பண்ற லெனார்ட் எப்ஸ்டீன்கிறவரு உருவாக்குன குடும்ப சிகிச்சையோட அடிப்படையே இதான், பச்சை மஞ்சள் சிவப்புனு டிராஃபிக் லைட் மாதிரி சாப்பாட்ட பிரிச்சு (காய்கறி பச்சை, சிப்ஸ் ஸ்வீட் சிவப்பு), பச்சைய நெறைய சிவப்ப கம்மியா, பிள்ளையோட சேந்து அப்பா அம்மாவும் என்ன சாப்பிட்டோம்னு எழுதணும். என்ன சமைக்கிறது, எப்போ எங்க சாப்பிடுறதுங்கிறது உங்க கையில, வேணுமா எவ்ளோ வேணும்கிறது பிள்ளை கையில.

ஆனா அதிகமா சாப்பிடுற பிள்ளைக்கு அந்த "எவ்ளோ"தான் பிரச்சனையே, அத கத்துக்குடுக்கணும். சாப்பிடுறதுக்கு முன்னாடி, பாதில, முடிச்சப்புறம்னு மூணு தடவ பசிக்கு 1லேர்ந்து 5 வரைக்கும் மார்க் போடச் சொல்லுங்க, நீங்களும் போடுங்க. ரெண்டாவது தடவ கேட்டா இல்லைன்னு சொல்லாதீங்க, கொஞ்சம் பொறுத்து மறுபடி மார்க் போட்டுட்டு வாங்கிக்கோன்னு சொல்லுங்க, வயிறு நெறஞ்சது மூளைக்கு தெரிய 20 நிமிஷம் வாக்குல ஆகும்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்சது. அமெரிக்காவுல சான் டியேகோவுல கெர்ரி பூட்டெல்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளரோட டீம் செஞ்சு பாத்தது, பசியில்லாத நேரத்துல பிள்ளைக்குப் பிடிச்ச ஒரு ஸ்நாக்க முன்னாடி வச்சு, பாரு, மோந்து பாரு, ரெண்டு வாய் சாப்பிடுன்னு சொல்லிட்டு ஆசை எவ்ளோ இருக்குன்னு மார்க் போட வைக்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்து மறுபடி மறுபடி மார்க், அப்புறம் மிச்சத்த தூக்கிப் போட்டுடணும். சாப்பிடாமலே ஆசை எறங்கும்னு பிள்ளை தானா கண்டுபிடிக்குது, நாம நூறு தடவ சொல்றத விட இது நிக்கும். ஒரே தடவைல நடக்காது, திரும்பத் திரும்ப செய்யணும், ஆரம்பத்துல இதுல பழக்கமுள்ள ஒருத்தரோட செய்யறது நல்லது.

பாராட்டும்போது எடைய பாராட்டாதீங்க, செஞ்சத பாராட்டுங்க, "பாதில நிறுத்தி மார்க் போட்டியே"ன்னு. பரிசா சாக்லேட் வேணாம், உங்களோட ஒரு மணி நேர விளையாட்டு போதும். டிவி பாத்துக்கிட்டே சாப்பாடு வேணாம். 6லேர்ந்து 12 வயசுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேணும், தூக்கம் கொறஞ்சா பசி ஏறும், இத யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. தெனமும் 60 நிமிஷம் ஓடி ஆடணும், அதுவும் தண்டனை மாதிரி இல்லாம.

எடை கொறையலையேன்னு பதறாதீங்க, வளர்ற பிள்ளைக்கு பல நேரம் எடை ஏறாம நின்னாலே போதும், உயரம் வந்து ஈடு கட்டிடும். பட்டினி போடுறதும், தெனமும் எடை மெஷின்ல ஏத்துறதும், குண்டுன்னு கிண்டல் பண்றதும் எதுவும் வேணாம்.

ஒளிச்சு வச்சு சாப்பிடுறது, வயிறு வலிக்குற வரைக்கும் சாப்பிட்டுட்டு அழறது, வாந்தி எடுக்குறது, சோகமாவே இருக்குறது, இதுல எது தெரிஞ்சாலும் குழந்தை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுங்க, மேல சொன்னதெல்லாம் அவரு பாத்தப்புறம்தான்.