பயோசர்ஃபாக்டன்ட்: ஊடகங்களை ஒப்பிடும்போது ஏமாறாமல் இருக்க

பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா, நியூட்ரியன்ட் பிராத் என்ற ஊட்டச்சத்து நீர் ஊடகத்தில் நன்றாகப் பெருகும். அது சுரக்கும் பயோசர்ஃபாக்டன்டான (மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும் உயிர்ப்பொருள்) சர்ஃபாக்டினும் அதே அளவுக்கு உயரும் என்று நம்ப வேண்டாம். 2% குளுக்கோஸ் சேர்த்த கனிம உப்பு ஊடகத்தையும் உடன் வைத்துப் பாருங்கள். அதில் மாங்கனீசு, இரும்பு உப்புகள் விடுபட்டால் விளைச்சல் சரியும். 250 மி.லி. குடுவையில் 50 மி.லி. போதும். மீறினால் நுரை பொங்கிப் பஞ்சடைப்பை நனைக்கும். காற்றும் தடைப்படும், வேற்றுக் கிருமியும் நுழையும். 30 டிகிரி செல்சியஸில் குலுக்கியபடி 48 முதல் 72 மணி நேரம் வளருங்கள்.

பிறகு மையவிலக்கியில் செல்களை நீக்கிய தெளிநீர் 2 மி.லி., மண்ணெண்ணெய் 2 மி.லி. சேர்த்து, 2 நிமிடம் வேகமாகக் கலக்கி, 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். எண்ணெயும் நீரும் கலந்து நிற்கும் பால்ம அடுக்கின் உயரத்தை மொத்த உயரத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால், எண்ணெயைப் பால்மமாக்கும் திறனைக் காட்டும் பால்மக் குறியீடு கிடைக்கும். பாக்டீரியா சேர்க்காத ஊடகத்துக்கும் இதே சோதனை கட்டாயம்: நியூட்ரியன்ட் பிராத்தில் உள்ள பெப்டோன் (சிதைத்த புரதம்) தானாகவே மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும்.