ஆப்பிரிக்காவின் தெற்கில் யானை வேட்டை: செலவை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். சஃபாரி நிறுவனங்களின் விலைப்பட்டியல் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. யானையைத் தேடி நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை. யானை விழுந்தால் அதற்குத் தனி விலை. முதலாவதற்குப் பெயர் நாள் கட்டணம், இரண்டாவதற்கு விலங்குக் கட்டணம். யானை கிடைக்காவிட்டால் விலங்குக் கட்டணம் இல்லை, ஆனால் நாள் கட்டணம் திரும்பி வராது. இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லும் நிறுவனத்திடம் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். யானை கிடைக்காமல் திரும்பினால் எவ்வளவு கழியும் என்பது அப்போதுதான் தெரியும்.

விலையைத் தீர்மானிப்பது முகாமின் வசதியோ சாப்பாடோ அல்ல. தந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமா, வேண்டாமா என்பதுதான். வேண்டும் என்றால் அந்த யானை நாட்டின் ஏற்றுமதி ஒதுக்கீட்டுக்குள் வர வேண்டும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் நாடுகள் அறிவிக்கும் ஆண்டு ஒதுக்கீடு சின்னது. அண்மை ஆண்டுகளில் ஜிம்பாப்வேக்கு 500 யானை, போட்ஸ்வானாவுக்கு 400, நமீபியாவுக்கு 90 என்ற அளவில் இருந்தது. உலகெங்கிலும் இருந்து வரும் பணக்காரர்கள் அந்த எண்ணிக்கைக்குள்தான் போட்டி போடுகிறார்கள். போட்ஸ்வானாவில் நல்ல தந்தமுள்ள ஓர் ஆண் யானைக்கு 50,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

தந்தம் வேண்டாம் என்றால் இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, ஏற்றுமதி இல்லாத ஆண் யானை. நடையும் தடம் பார்ப்பதும் அதே உழைப்புதான். ஆனால் தந்தமும் தோலும் அந்த நாட்டிலேயே தங்கிவிடும். இறைச்சி சுற்றுக் கிராமங்களுக்குப் போகும். உங்களுக்கு மிஞ்சுவது புகைப்படம். நமீபியாவில் ஊர்மக்களே நிர்வகிக்கும் சமூகக் காப்பகங்களிலும் ஜிம்பாப்வேயின் கிராமப் பொதுநிலங்களிலும் இவை விற்பனைக்கு வரும்.

இன்னொன்று, தந்தமில்லாத பெண் யானை. ஆசிய யானையைப் போல அல்லாமல் ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. சில பெண் யானைகளுக்கு மட்டும் பிறவியிலேயே முளைக்காது. தந்தத்துக்காகக் கொன்று குவித்த இடங்களில் இப்படிப்பட்டவை கூடுகின்றன. மொசாம்பிக்கின் கொரொங்கோசா தேசியப் பூங்காவில் 1977-1992 உள்நாட்டுப் போருக்குப் பின் பெண் யானைகளில் ஏறக்குறைய பாதி தந்தமில்லாமல் இருந்தன. ஜிம்பாப்வேயின் சாம்பேசிப் பள்ளத்தாக்கிலும் இவை நிறைய உண்டு. எல்லாம் சேர்த்துப் பொதுவாக 10,000 முதல் 15,000 டாலருக்குள் முடியும் வேட்டை இது. யானை வேட்டையில் இதைவிட மலிவானது அரிது.

மலிவு என்பதால் எளிது என்று நினைத்துவிட வேண்டாம். ஆண் யானை பெரும்பாலும் தனியாகவோ இரண்டு மூன்று துணையோடோ திரியும். பெண் யானை பதினைந்து இருபது உருப்படி கொண்ட கூட்டத்தின் நடுவே நிற்கும். அதற்குத் தந்தமே இல்லை என்பதை இரண்டு பக்கமும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கத் தந்தம் மட்டும் உள்ள யானைகளும் உண்டு. பால் குடிக்கும் கன்று கூட இருந்தால் அந்தத் தாயைச் சுடக் கூடாது. இத்தனையும் முப்பது மீட்டருக்குள், காற்று திசை மாறுவதற்கு முன் நடக்க வேண்டும். ஒன்றைச் சுட்டால் மற்றவை ஓடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை, சில திரும்பி வந்து மோதும். முதல்முறை போகிறவர் இதை மலிவான பயிற்சியாக எடுத்துக்கொள்வது தவறு.

பயிரை மேயும் யானையைச் சுடும் அனுமதியை மிகக் குறைந்த விலையில் தருவதாகவும் சிலர் சொல்வார்கள். அந்த அனுமதி குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட சேதத்துக்காக, அதிகாரிகள் தருவது. ஆறு மாதம் முன்பே தேதி குறித்து விற்கிறார்கள் என்றால் சந்தேகப்படுங்கள்.

நாட்டைத் தேர்ந்தெடுப்பது அடுத்தது. ஐந்து நாடுகள் எல்லைதாண்டிப் பகிரும் காவாங்கோ-சாம்பேசி காப்புப் பகுதியில் 2022இல் எடுத்த கணக்கில், போட்ஸ்வானாவுக்குரிய பகுதியில் சுமார் 1,32,000, ஜிம்பாப்வேக்குரிய பகுதியில் சுமார் 65,000, நமீபியாவுக்குரிய பகுதியில் சுமார் 21,000 யானைகள் இருந்தன. யானை அதிகமுள்ள போட்ஸ்வானாதான் விலையிலும் உச்சம். 2014இல் நிறுத்திய வேட்டையை 2019இல்தான் மீண்டும் அனுமதித்தார்கள். மலிவு தேடுபவருக்கான இடம் அல்ல. தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய தனியார் காப்பகங்களில் சிறு ஒதுக்கீடு உண்டு, அங்கும் மலிவு கிடையாது. நமீபியாவில் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை பருவம். வடகிழக்கில் சாம்பேசி மாகாணமும் ப்வாப்வாட்டா தேசியப் பூங்காவும் யானைக்குப் பேர்போனவை. ஆனால் குறைந்த பணத்தில் பல வகைத் தெரிவு கிடைப்பது ஜிம்பாப்வேயில்தான். விக்டோரியா அருவிக்குப் பக்கத்தில் மடெட்சி, ஹ்வாங்கே தேசியப் பூங்காவைச் சுற்றிய பகுதிகள், வடக்கே செவோரே, டான்டே. மடெட்சிக்கு அருவி விமான நிலையத்திலிருந்து சாலையிலேயே போய்விடலாம். சாம்பேசிப் பள்ளத்தாக்குக்கோ ஹராரேயிலிருந்து நாள் முழுக்க ஜீப்பில் குலுங்க வேண்டும், இல்லையென்றால் சிறு விமானம் பிடிக்க வேண்டும்.

அந்தச் சிறு விமானத்தில்தான் பலருடைய கணக்கு உடைகிறது. கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனம்: 7 நாள், நாளுக்கு 900 டாலர், விலங்குக் கட்டணம் 4,000, ஆக 10,300. இரண்டாவது நிறுவனம்: 10 நாள், எல்லாம் அடங்கி 10,500. முதலாவது மலிவாகத் தெரிகிறது. அதில் விமானம் போக வர 2,400, துப்பாக்கி வாடகை நாளுக்கு 50 வீதம் 350, பத்துத் தோட்டாவுக்கு 150 சேர்த்தால் 13,200. இதன்மேல் அரசு வரி, உடன் வரும் வனக்காவலர் செலவு, துணைக்கு வருபவரின் கட்டணம், முகாம் ஆட்களுக்கான அன்பளிப்பு. தேடுவதற்கோ மூன்று நாள் குறைவு.

நாளைக் குறைத்து மிச்சம் பிடிக்கப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே மோசமான சிக்கனம். தடம் எடுத்துப் பின்தொடர்வது என்றால் தினமும் 10 முதல் 20 கிலோமீட்டர் நடை. பல தடங்கள் வீணாகும். தந்தமில்லாத பெண் யானைக்கு 7 நாளுக்குக் கீழே, ஆண் யானைக்கு 10 நாளுக்குக் கீழே ஒப்புக்கொள்ள வேண்டாம். வந்துசேரும் நாளும் கிளம்பும் நாளும் அந்த எண்ணிக்கையில் சேருமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நியாயமான தள்ளுபடி கிடைப்பது காலத்தால். செப்டம்பர், அக்டோபரில் விற்காமல் மிஞ்சிய ஒதுக்கீட்டையும், கடைசி நேரத்தில் வேறொருவர் கைவிட்ட இடத்தையும் நிறுவனங்கள் இறக்கி விற்கும். அப்போது வெயில் கொளுத்தும், ஆனால் குளங்கள் வற்றி யானைகள் மிச்சமிருக்கும் தண்ணீருக்கே வந்தாக வேண்டும். புல்லும் இலையும் உதிர்ந்து பார்வை விரியும். ஏப்ரலில் விலை குறைவாக இருந்தால் காரணம் உண்டு. மழை முடிந்த கையோடு புல் தலைக்கு மேல் நிற்கும், தண்ணீர் எங்கும் கிடைப்பதால் கூட்டங்கள் சிதறியிருக்கும்.

துப்பாக்கியை முகாமிலேயே வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் லாபம். சொந்தத் துப்பாக்கியோடு ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி நாட்டுக்குள் நுழைந்தால் அந்நாட்டுக் காவல்துறையின் எஸ்.ஏ.பி.எஸ். 520 படிவத்தில் தற்காலிக அனுமதி வேண்டும். தோட்டாவுக்கு விமானத்தில் 5 கிலோ வரம்பு. எதை எடுத்தாலும் ஜிம்பாப்வேயில் யானைக்குக் குறைந்தது 9.2 மி.மீ. விட்டமும் 5.3 கிலோஜூல் ஆற்றலும் சட்டப்படி தேவை. துப்பாக்கி அளவுகளில் .375 ஹெச் அண்டு ஹெச் அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது; அதைவிடப் பெரிய .416 இன்னும் நிம்மதி. தோட்டா விரியாத திடத் தோட்டாவாக இருக்க வேண்டும். மான் வேட்டைக்கான மென்முனைத் தோட்டா யானையின் தேன்கூடு போன்ற மண்டையோட்டைத் துளைக்காமல் பாதியிலேயே நின்றுவிடும். காயம்பட்டுத் தப்பிய யானைக்கும் முழு விலங்குக் கட்டணம் உண்டு. ஒரு துளி ரத்தம் தெரிந்தாலே கணக்கில் ஏறிவிடும்.

சிக்கனம் கூடவே கூடாத இடம் உடன் வரும் தொழில்முறை வேட்டையாளர், அங்கே எல்லோரும் சொல்வதுபோல் பி.ஹெச். முழு உரிமம் உள்ளவரா, பயிற்சி உரிமம் மட்டுமா? நமீபியாவில் பெருவிலங்குப் பிரிவில் பதிவு பெற்றவரா? கடந்த இரண்டு பருவங்களில் இதே பகுதியில் இதே வகை யானையை எத்தனை முறை தேடினார், எத்தனை முறை வெறுங்கையோடு திரும்பினார்? சமீபத்தில் போய் வந்த மூன்று பேரிடம் பேசுங்கள், அதில் ஒருவராவது யானை கிடைக்காதவராக இருக்கட்டும். 2019 இறுதியில் போட்ஸ்வானாவில் ஆராய்ச்சிக் கழுத்துப்பட்டை போட்ட யானையைச் சுட்ட விவகாரத்தில் இரண்டு பி.ஹெச்.கள் உரிமத்தை இழந்தார்கள். அவசரப்படுத்தும் ஆளை நம்பினால் சிக்கல் வாடிக்கையாளருக்கும் சேர்த்துத்தான்.

முன்பணம் கட்டுமுன் இரண்டு காகிதங்களைக் கேளுங்கள். அந்தப் பகுதியில் வேட்டை உரிமை அந்த நிறுவனத்துக்கு இருப்பதைக் காட்டும் ஒப்பந்தம்; இந்த ஆண்டுக்கு யானை ஒதுக்கப்பட்டதைக் காட்டும் ஆவணம். உரிமை இல்லாத தரகர்கள் ஒரே யானையை இருவருக்கு விற்பதுண்டு. ஒதுக்கீடு ரத்தானால் முன்பணம் திரும்பும் என்ற வரியையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஜிம்பாப்வேயில் முடித்துக் கிளம்பும்போது டி.ஆர்.2 படிவத்தில் சுட்டது, கட்டியது எல்லாம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தந்தம்தான் வேண்டும் என்றால், முதலில் சொந்த நாட்டின் இறக்குமதி விதியைப் பாருங்கள். நெதர்லாந்து 2016 முதல் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு யானைக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் நாட்டுக் குறியீடும் ஆண்டும் எடையும் பொறித்த இரண்டு தந்தங்கள் ஹராரேயில் ஒரு கிடங்கில் கிடக்கும். கிடங்கு வாடகையும் உங்கள் பெயரில்தான் ஏறும்.