கர்ப்பிணித் தாய்மார் வகுப்பில் பதிவைக் கூட்டுவது எப்படி?

கொழும்பில் கர்ப்பிணித் தாய்மார் வகுப்புக்கு ஆள் குறைந்ததும் துண்டுப்பிரசுரம் அச்சடிக்கும் பழக்கம் பல தொண்டர் குழுக்களுக்கு உண்டு. அச்சகத்துக்குப் போகுமுன் இந்த வேலைகளைச் செய்து பாருங்கள்.

முதலில், எந்தப் பகுதியில், எத்தனை தாய்மாரை, எந்தத் திகதிக்குள், கர்ப்பத்தின் எத்தனையாவது வாரத்துக்கு முன் சேர்க்கப் போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். இலங்கையின் அரச சுகாதாரச் சேவை 8 வாரத்துக்குள் கர்ப்பிணியைப் பதிவுசெய்ய முயல்கிறது. வீடு தேடி வரும் பொதுச் சுகாதார மருத்துவமாதே அந்தப் பதிவின் ஆணிவேர். ஆகவே நீங்கள் தனியாக வீடுவீடாக அலையாமல், சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் அனுமதியைப் பெற்று அந்த மருத்துவமாதுடன் சேர்ந்து வேலை செய்யுங்கள்.

அடுத்து, தாய் வகுப்பைப் பற்றிக் கேள்விப்படுவதிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு வருவது வரையுள்ள படிகளை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொன்றின் அருகிலும் கடந்த 3 மாத எண்ணிக்கையைக் குறியுங்கள். 40 பேரிடம் சொல்லி, 34 பேர் பெயர் கொடுத்து, 12 பேரே வந்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர் கொடுத்தபின் கழன்றுகொண்ட 22 பேரைத் துண்டுப்பிரசுரம் திருப்பிக் கொண்டுவராது.

மூன்றாவது வேலையை அவசரப்படுத்த வேண்டாம். வந்தவர்களை விட்டு, வராத ஐந்தாறு பேரிடம் பேசுங்கள், முதல் பதிலோடு நிற்காமல் "அது ஏன்?" என்று மேலும் கேளுங்கள். கொட்டாஞ்சேனையில் ஒருவர் "நேரமில்லை" என்றால், வகுப்பு வார நாள் காலையில் நடப்பதும், அரைநாள் லீவு எடுத்தால் சம்பளம் வெட்டப்படுவதும் அதற்குள் இருக்கலாம். நினைவூட்டல் சிங்களத்தில் மட்டுமே போயிருக்கலாம். தலைப்பிரசவத்துக்காக யாழ்ப்பாணத்துக்கோ ஹட்டனுக்கோ தாய்வீடு போனவரையும் "ஆர்வமில்லாதவர்" என்று எழுதிவிடுகிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. அவர்களைத் தனியாக எண்ணி, பயணத்துக்கு முன்பே முடியும் வகையில் வகுப்பை முன்தள்ளுங்கள்.

பின்னர், தர மேம்பாட்டு அறிஞர் டெமிங் பரப்பிய திட்டமிடு, செய், ஆராய், திருத்து என்னும் சுழற்சியைத் தொடங்குங்கள். சனிக்கிழமை பிற்பகல் வகுப்பு, தமிழ்க் குரல்செய்தி ஆகிய இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஆகவே ஒன்றை மட்டும், ஒரே வகுப்பில், இரண்டு வாரம் முயலுங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்ற ஊகத்தை முன்கூட்டியே எழுதிவைத்து, உண்மையில் வந்த எண்ணிக்கையை வாரந்தோறும் வரைபுத் தாளில் புள்ளியாக இடுங்கள். ஒரு புள்ளி ஏறியதும் கொண்டாட வேண்டாம்.

அதே தாளில் மருத்துவமாதின் மேலதிக வேலை நேரத்தையும் குறியுங்கள். அது ஏறிக்கொண்டே போனால் மாற்றத்தைத் தொடராமல், அவருடன் உட்கார்ந்து மீண்டும் திட்டமிடுங்கள்.