டீசல் இன்ஜின் கணக்கு: நாலு வெப்பநிலை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது

போன வாரம் பட்டர்வொர்த் டியூஷனில் ஒரு பையன் டீசல் இன்ஜின் கணக்கு போட்டுக் காட்டினான். வெளிக்காற்று 32 டிகிரி. அதை 18-இல் ஒரு பங்காக அமுக்கினால் 102 டிகிரி என்று விடை. "தம்பி, இது தே தாரிக்குக்குத் தண்ணீர் கொதிக்கிற சூடு. இதில் டீசல் எப்படிப் பற்றும்?" என்று கேட்டேன். ஃபார்முலா சரி, கால்குலேட்டரில் தட்டியதும் சரி. கெல்வினுக்கு மாற்ற மறந்துவிட்டான், அவ்வளவுதான். படிக்கிற காலத்தில் நானும் இதே தப்பைச் செய்தவன். அதனால் முதலிலிருந்து மெதுவாகப் போட்டுப் பார்ப்போம்.

உள்ளே என்ன நடக்கிறது?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் அமுக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சுகிறார்கள், தானாகப் பற்றிக்கொள்கிறது. இந்த வித்தை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சின்னக் குழாய்க்குள் ஒரு தண்டைச் செருகி உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால், நுனியில் வைத்த பஞ்சு கனன்றுவிடும். மலாய்க்காரர்கள் இதைக் கோபெக் ஆப்பி என்பார்கள். இந்த இன்ஜினைக் கண்டுபிடித்த ரூடோல்ஃப் டீசலின் பேராசிரியர் கார்ல் ஃபொன் லிண்டேயிடம் இப்படி ஒரு குழாய் பினாங்கிலிருந்து போய்ச் சேர்ந்தது, அதைப் பார்த்துத்தான் டீசலுக்குப் பொறி தட்டியது என்று ஒரு கதை உலவுகிறது. எந்த அளவு உண்மையோ, பினாங்குக்காரனான எனக்கு அதைச் சொல்லாமல் விட மனசில்லை.

சரி, சுழற்சிக்கு வருவோம். 1-இலிருந்து 2: காற்று அமுங்குகிறது. 2-இலிருந்து 3: டீசல் எரிகிறது, பிஸ்டன் பின்வாங்குவதால் அழுத்தம் மாறாமல் இருக்கிறது. 3-இலிருந்து 4: வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. 4-இலிருந்து 1: மிச்சச் சூடு வெளியேறுகிறது; இங்கே மாறாமல் இருப்பது கன அளவு.

கையில் இருக்க வேண்டியவை

அமுக்க விகிதம் 18. கட்-ஆஃப் விகிதம் 2, அதாவது டீசல் எரிந்து முடியும்போது கன அளவு இரண்டு மடங்காகியிருக்கிறது. உள்ளே வரும் காற்று 32 டிகிரி, அழுத்தம் 100 கிலோபாஸ்கல். காற்றின் தன்வெப்பம், அதாவது ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி ஏற்ற வேண்டிய கிலோஜூல், அழுத்தம் மாறாதபோது 1.005, கன அளவு மாறாதபோது 0.718. இரண்டுக்கும் உள்ள விகிதம் 1.4.

படி 1: நாலு வெப்பநிலை

வெ1 = 32 + 273 = 305 கெல்வின்
வெ2 = 305 × 18^0.4 = 305 × 3.178 = 969
வெ3 = 969 × 2 = 1938
வெ4 = 305 × 2^1.4 = 305 × 2.639 = 805

0.4 என்பது 1.4-இலிருந்து 1 போக வருவது. வெ3-இலும் வெ4-இலும் வரும் 2, கட்-ஆஃப் விகிதம். போன் கால்குலேட்டரில் அடுக்குப் பொத்தான் தெரியாவிட்டால் போனைக் கிடையாகத் திருப்பிப் பாருங்கள். வெ2-ஐ டிகிரிக்கு மாற்றினால் 696. டீசல் தானாகப் பற்ற 200 சொச்சம் டிகிரி போதும். இப்போது நம்பலாம்.

படி 2: உள்ளே போன வெப்பம்

1.005 × (1938 − 969) = 974 கிலோஜூல், ஒரு கிலோ காற்றுக்கு.

பலரும் வழுக்கி விழுகிற இடம் இதுதான். பெட்ரோல் கணக்கு போட்ட பழக்கத்தில் இங்கேயும் 0.718 போட்டுவிடுவார்கள். எரியும்போதே பிஸ்டன் நகர்கிறது என்பதை மனதில் வையுங்கள். கொடுத்த வெப்பத்தில் ஒரு பகுதி அந்த நகர்த்தலுக்குப் போய்விடுவதால், ஒவ்வொரு டிகிரி ஏற்றவும் கூடுதல் வெப்பம் வேண்டும். அதனால்தான் பெரிய எண். மாற்றிப் போட்டால் கடைசி விடை 48 சதவீதத்தில் வந்து நிற்கும்.

படி 3: வீணான வெப்பம்

0.718 × (805 − 305) = 359 கிலோஜூல். இங்கே பிஸ்டன் நகரவில்லை, எனவே சின்ன எண்.

படி 4: வேலை, செயல்திறன்

வேலை = 974 − 359 = 615 கிலோஜூல்
செயல்திறன் = 615 ÷ 974 = 63.1 சதவீதம்

615 கிலோஜூல் என்றால் எவ்வளவு என்று பிடிபடாது. 2.5 லிட்டர் இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எல்லா சிலிண்டரும் சேர்ந்து ஒரு முழுச் சுழற்சியில் சுமார் 3 கிராம் காற்றைத்தான் இழுக்கும். ஆக, ஒரு சுழற்சிக்கு 1.85 கிலோஜூல். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுழலுக்கு ஒரு தடவைதான் வேலை நடக்கும். நிமிடத்துக்கு 2000 சுழல் என்றால் விநாடிக்கு 16.7 தடவை. பெருக்கினால் 31 கிலோவாட்.

இப்போது பெடலை மிதிப்போம்

பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலையேறும் லோரியை நினைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் மிதிக்கிறார், டீசல் கூடுதல் நேரம் பாய்கிறது, கட்-ஆஃப் விகிதம் 3 ஆகிறது என்று வைப்போம். அதே நாலு படி. வேலை 615-இலிருந்து 1148-க்கு ஏறுகிறது. செயல்திறனோ 58.9-க்கு இறங்குகிறது! வேலை கூடினால் செயல்திறனும் கூடும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். கடைசியில் பாய்ந்த டீசலுக்கு விரிய இடம் குறைவு; சூடாகவே வெளியே போய்விடுகிறது. வெ4 இப்போது 1420.

இதெல்லாம் காகிதத்துச் சுழற்சி என்பதையும் மறக்க வேண்டாம். உரசல் இல்லை, சுவர் வழியே சூடு கசியவில்லை. 1897-இல் சோதித்த டீசலின் இன்ஜினுக்குக் கிடைத்தது சுமார் 26 சதவீதம். இன்றும் 50-ஐத் தொடுபவை பெரும்பாலும் பெரிய கப்பல்களின் மெதுவாகச் சுழலும் இன்ஜின்கள்தான்.

அடுத்து நீங்களே போட ஒன்று: அமுக்க விகிதம் 16, மற்றதெல்லாம் முதலில் சொன்னபடி. விடை 61.4. உங்களுக்கு 46 பக்கத்தில் வந்தால் படி 2-க்குத் திரும்பிப் போங்கள்.