டிரைகிளிசரைடு ஏறிக் கெடக்கா? சோத்துத் தட்டுலருந்து ஆரம்பிங்க

எங்க அப்பா முப்பது வருசம் அரசு பஸ் ஓட்டுனவிய, பாளையங்கோட்டைல வீடு, ஆளு பாக்க ஒல்லியா தான் இருப்பாவ, வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால தள்ளி நிக்கும். ரிட்டயர் ஆகி ரெண்டாம் வருசம் ரத்தம் டெஸ்ட் எடுத்தோம், மொத்த கொலஸ்ட்ரால் 190, எல்டிஎல்ங்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 98, எச்டிஎல்ங்கிற நல்ல கொலஸ்ட்ரால் 34, டிரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பு 290. "200க்கு உள்ள தான இருக்கு, எனக்கு ஒண்ணுமில்லடே"ன்னு ரிப்போர்ட்ட மடிச்சு பீரோல வச்சிட்டாவ. நானும் அன்னைக்கு அத நம்பிட்டேன். பொறவு உக்காந்து படிச்சப்ப தான் இது நல்ல ரிப்போர்ட்டே கெடையாதுன்னு புரிஞ்சது. நம்ம பக்கம் நெறைய வீட்டு பீரோல இதே மாதிரி ஒண்ணு மடிஞ்சு கெடக்கும், அதனால நாங்க மூணு மாசம் என்ன பண்ணுனோம்னு அப்படியே எழுதுதேன்.

மொதல்ல ரிப்போர்ட்ட எடுங்க. மொத்த கொலஸ்ட்ரால விட்டுட்டு டிரைகிளிசரைடயும் எச்டிஎல்லயும் பாருங்க. டிரைகிளிசரைடு 150க்கு கீழ இருக்கணும், எச்டிஎல் ஆம்பளைக்கு 40க்கு மேல, பொம்பளைக்கு 50க்கு மேல. அடுத்து ஒரு கழித்தல் கணக்கு, மொத்தத்துலருந்து எச்டிஎல்ல கழிச்சா வர்றது நான்-எச்டிஎல் (non-HDL), அதாவது நல்லது போக மிச்ச கொலஸ்ட்ரால் எல்லாம், அப்பாவுக்கு 190ல 34 போக 156. இது பொதுவா 130க்கு கீழ இருக்கணும், சுகர், பிரஷர் உள்ளவங்களுக்கு டாக்டர் இன்னும் கொறைவா கேப்பாவ. இன்னொரு விசயம், நெறைய லேப்ல எல்டிஎல்ல நேரடியா அளக்க மாட்டாவ, மொத்தத்துலருந்து எச்டிஎல்லயும் டிரைகிளிசரைடுல அஞ்சுல ஒரு பங்கயும் கழிச்சுப் போட்டுருவாவ, டிரைகிளிசரைடு 400ஐ தாண்டுனா அந்தக் கணக்கே செல்லாது. அதனால எல்டிஎல் மட்டும் நல்லா இருக்குன்னு நிம்மதியா இருக்காதீங்க.

பொறவு இடுப்ப அளங்க. டெய்லர் டேப்ப எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்போட மேல் விளிம்புக்கும் நடுவுல, மூச்ச மெதுவா விட்டுட்டு, வயித்த எக்காம அளக்கணும். நம்ம ஆளுகளுக்கு ஆம்பளைன்னா 90 சென்டிமீட்டர், பொம்பளைன்னா 80, அதத் தாண்டுனா வயித்துக் கொழுப்பு இருக்குன்னு அர்த்தம். அப்பாவுக்கு 96. எடை சரியா தான இருக்குன்னு சொல்லுதவங்களுக்காக இதச் சொல்லுதேன், 2004ல பூனா டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்க ரெண்டு பேரு உடம்பையே அளந்து லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகைல போட்டாவ, உயரத்துக்கு எடை சரியான்னு பாக்குத பிஎம்ஐ ரெண்டு பேருக்கும் ஒண்ணு போல 22.3, ஆனா உடம்புல உள்ள கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியா இருந்துக்கிட்டே கொழுப்ப சுமக்குற உடம்பு நம்மளுது.

எண்ணெய் ரொம்ப சேக்காத வீட்டுலயும் ரத்தத்துல கொழுப்பு ஏன் ஏறுதுன்னு கேப்பீங்க. சோறு குளுக்கோஸா மாறி ரத்தத்துக்கு வருது, அதுல பெரும்பங்க வாங்கிக்க வேண்டியது தசை. தசை கொறைவா இருந்து உக்காந்தே வேல பாத்தா, குளுக்கோஸ உள்ள வாங்கிக்கோன்னு சொல்லுத இன்சுலினுக்கு அது சரியா கட்டுப்படாது, மிச்சம் கல்லீரலுக்குப் போகும், கல்லீரல் அதக் கொழுப்பாக்கி திரும்ப ரத்தத்துல ஏத்தி விடும், அது தான் அந்த 290. அந்தக் கொழுப்பு வண்டிக ரத்தத்துல சுத்தும்போது எச்டிஎல்லோட சரக்கு மாத்திக்கிடும், அதுல எச்டிஎல் சின்னதாகி சீக்கிரம் கரைஞ்சு போகும், எல்டிஎல்லும் சின்னச் சின்னதா அடர்த்தியாயிரும். அதனால தான் டிரைகிளிசரைடு ஏறுன ஆளுக்கு எச்டிஎல் எறங்கிக் கெடக்கு, ரெண்டும் ஒரே வியாதி தான்.

சரி, தட்டுக்கு வருவோம். ஒரு நா மதியம் அம்மா அப்பாவுக்குப் போட்ட சோத்த, சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்குன்னு மூணு வாட்டி போடுதத எல்லாம் 200 மில்லி எவர்சில்வர் டம்ளர்ல அள்ளி அளந்தேன், அம்பை 16 அரிசிச் சோறு, நாலரை டம்ளர் வந்துச்சு. ஒரு டம்ளர் சோத்துல ஏறக்குறைய 40 கிராம் மாவுச்சத்துன்னு வச்சுக்கிட்டா ஒரே நேரத்துக்கு 180 கிராம். அம்மாவே அசந்து போயிட்டாவ, "இவ்வளவா போடுதேன்"ன்னு. நீங்களும் ஒரு நா கண்டிப்பா அளங்க, அளக்காம கொறைக்கேன்னு சொல்லுதது நாலு நாளு கூட தாங்காது. கொறைக்கும்போது ஒரே நாள்ல பாதியாக்காதீங்க, வாரத்துக்கு அரை டம்ளரா எறக்குங்க, நாங்க அஞ்சாவது வாரத்துல ரெண்டு டம்ளருக்கு வந்தோம். காலியான எடத்த நெரப்பணும், இல்லன்னா சாயங்காலம் கை தானா மிக்சர் டப்பாவுக்குப் போயிரும். தடியங்காய் கூட்டு, சீனி அவரைக்காய் பொரியல், கீரை, அவியல்ல தேங்காயக் கொறச்சு காய அதிகமாக்கி, கூட ஒரு முட்டையோ அவிச்ச பயறோ. மீன் சாப்புடுதவங்க வாரத்துக்கு ரெண்டு நாளு சாளைய கொழம்பா வைங்க, அதுல உள்ள ஒமேகா 3 டிரைகிளிசரைட எறக்குத கொழுப்பு, ஆனா எண்ணெய்ல முங்கப் பொரிச்சா பலன் போச்சு. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் நம்ம ஊரு சொத்து, அத விட வேண்டாம், அரிசியக் கொறச்சு தொலி உளுந்தக் கூட்டிப் போட்டு வைங்க, ருசி இன்னும் நல்லா தான் இருக்கும். சொதி தேங்காப்பாலு, அது மறுவீட்டு விருந்துக்கும் நல்ல நாளுக்கும் போதும்.

எந்த வரிசைல சாப்புடுதோம்கிறதும் முக்கியம். 2015ல அமெரிக்கால 11 சுகர்காரங்கள வச்சு ஒண்ணு பாத்தாவ, ஒரே சாப்பாடு தான், ஒரு நா ரொட்டிய மொதல்ல குடுத்தாவ, இன்னொரு நா காயும் கோழியும் மொதல்ல குடுத்து கால் மணி நேரம் கழிச்சு ரொட்டி குடுத்தாவ, காய் மொத வந்த அன்னைக்கு ஒரு மணி நேர சுகர் 37 சதவீதம் கொறஞ்சிருந்துச்சு. சின்ன ஆராய்ச்சி தான், ஆனா பண்ணிப் பாக்க காசு ஒண்ணும் செலவில்ல. எங்க வீட்டுல தட்டுல மொத கூட்டும் பொரியலும் முட்டையும் தான் வரும், அது பாதி தீந்த பொறவு தான் அம்மா சோத்துப் பானையத் தெறப்பாவ.

கருப்பட்டி காப்பி பத்தி ஒரு வார்த்தை. சீனிக்குப் பதிலா கருப்பட்டி போட்டா சுகர் ஏறாதுன்னு நம்ம பக்கம் ரொம்ப பேரு நம்பிக்கிட்டிருக்காவ, ஆனா கருப்பட்டிலயும் பெரும்பகுதி அதே சர்க்கரை தான். அப்பா ஒரு நாளைக்கு நாலு காப்பி, அத ரெண்டாக்கி இனிப்பப் பாதியாக்குனோம். அல்வான்னா, ஜங்ஷன் பக்கம் போற அன்னைக்கு மட்டும் சூடா அம்பது கிராம், வீட்டுல கிலோ கணக்குல வாங்கி வைக்கறது நின்னுச்சு. பழ ஜூஸ் வேண்டாம், பழமா கடிச்சுத் தின்னுங்க. தண்ணி போடுதவங்களுக்கு நேரா சொல்லுதேன், டிரைகிளிசரைட ஏத்துறதுல சாராயம் ரொம்ப வேகம், அத நிறுத்தாம மத்ததெல்லாம் பண்ணி பெருசா புண்ணியமில்ல.

அடுத்தது ராத்திரி. இன்சுலின் காலைல வேல செய்யுத அளவுக்கு ராத்திரி செய்யாது, நம்ம ஊருல பரோட்டாவும் சால்னாவும் சூடு பிடிக்கறதே ஒம்பது மணிக்கு மேல தான். ஏழரைக்குள்ள சாப்பாட்ட முடிச்சுட்டு நடங்க. 2013ல அமெரிக்கால 60 வயசுக்கு மேல உள்ள பத்து பேரு மூணு வேளையும் சாப்பிட்ட பொறவு கால் மணி நேரம் நடந்தாவ, இன்னொரு வாட்டி அவியளே காலைல மட்டும் முக்கா மணி நேரம் சேத்து நடந்தாவ. நாள் முழுக்க உள்ள சுகருக்கு ரெண்டும் நல்லா தான் வேல செஞ்சது, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின்னால ஏறுத சுகர அடக்குனதுல சாப்பிட்டுட்டு நடந்தது தான் ஜெயிச்சது. நடக்குற தசை இன்சுலினுக்குக் காத்திராமலே குளுக்கோஸ உள்ள இழுத்துக்கிடும், அது தான் காரணம். அப்பாவுக்கு நான் சொன்ன இன்னொரு கதை, 1953ல லண்டன்ல டாக்டர் மோரிஸ் மாடி பஸ்ஸுல வேல பாத்தவங்கள ஆராய்ஞ்சு எழுதுனது, படி ஏறி எறங்கி டிக்கெட் குடுத்த கண்டக்டர்கள விட உக்காந்தே ஓட்டுன டிரைவர்களுக்குத் தான் இதய நோய் அதிகம் வந்துச்சு. அதக் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தாவ. மறுநா ராத்திரி நான் கூப்புடாமலே செருப்ப மாட்டிக்கிட்டு வஉசி மைதானத்துப் பக்கம் கெளம்பிட்டாவ.

சில பேரு டாக்டரக் கேக்காம இதுல எறங்கக் கூடாது. சுகர் மாத்திரை, இன்சுலின் போடுதவங்க சோத்தக் கொறச்சா சுகர் ரொம்ப எறங்கி மயக்கம் வரலாம், அளவ மாத்திக் கேட்டுக்கிடுங்க. டிரைகிளிசரைடு 500க்கு மேலன்னா கணையம் வீங்குற ஆபத்து இருக்கு, வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்ல. நெஞ்சு அடைக்கு, வேர்த்து ஊத்துது, எடது கையோ தாடையோ வலிக்குன்னா வாயுன்னு பெருங்காயத்தக் கரைச்சுக் குடுத்துக்கிட்டு இருக்காதீங்க, உடனே ஈசிஜி எடுக்குற எடத்துக்குப் போங்க. எங்க பெரியப்பாவுக்கு அப்படித்தான் ராத்திரி முழுக்க கசாயம் குடுத்தோம், விடியல.

மூணு மாசம் கழிச்சு அதே லேப்ல, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின்னால பன்னெண்டு மணி நேரம் வெறும் தண்ணியோட இருந்து டெஸ்ட் எடுங்க, மொத நா விருந்து கிருந்து வேண்டாம். மூணு மாசம் எதுக்குன்னா ரத்தச் செவப்பணு ஏறக்குறைய 120 நாளு உசுரோட இருக்கும், ரெண்டு மூணு மாச சராசரி சுகரக் காட்டுத எச்பிஏ1சி மாறுதது தெரியவே அவ்வளவு நாளாகும். அப்பாவுக்கு டிரைகிளிசரைடு 165 வந்துச்சு, எச்டிஎல் 38, இடுப்பு 91. எல்டிஎல் மட்டும் 98லருந்து 107க்கு ஏறிருந்துச்சு, அதப் பாத்து அம்மா பயந்துட்டாவ, டிரைகிளிசரைடு எறங்கும்போது எல்டிஎல் கொஞ்சம் ஏறுறது உண்டுன்னு டாக்டர் சொன்னாவ. நான்-எச்டிஎல் 156லருந்து 140க்கு வந்துருக்கு, ஆனா 130க்கு இன்னும் வரல, அதனால சின்ன டோஸ்ல ஸ்டாட்டின்ங்கிற கொலஸ்ட்ரால் மாத்திரை ஒண்ணு எழுதிக் குடுத்தாவ. அப்பா ராத்திரி நடந்துட்டு வந்து அதப் போட்டுட்டுத் தான் படுக்காவ.