கிரெனோபிள் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் தென்கிழக்கில் இருக்கும் கிரெனோபிளை ஆல்ப்ஸின் தலைநகரம் என்று சொல்வார்கள். இதைக் கேட்டதும் உயரத்தில் குளிர்ந்து கிடக்கும் மலைவாசத்தலம் ஒன்றைப் பலரும் கற்பனை செய்துகொள்கிறார்கள். படிக்கப் போகிறவர்களும் சரி, சுற்றிப் பார்க்கப் போகிறவர்களும் சரி, முதலில் சறுக்குவது இங்கேதான். கிரெனோபிள் மலைமேல் இல்லை. இசேர், டிராக் என்ற இரண்டு ஆறுகள் கூடும் சமவெளியில், கடல்மட்டத்திலிருந்து 210 மீட்டர் அளவு உயரத்தில்தான் இருக்கிறது. நகரத்தின் தெருக்களில் மேடு பள்ளமே அதிகம் கிடையாது. சைக்கிள் ஓட்ட அருமையான ஊர்.

வடக்கே ஷார்த்ரூஸ், மேற்கே வெர்கோர், கிழக்கே பெல்டோன் என்று மூன்று மலைத்தொகுதிகள் நெருக்கி நிற்பதால் காற்று எளிதில் நகராது. அதனால் ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. கம்பளி உடையை மட்டும் நம்பிப் போகிறவர்கள் திண்டாடிப்போவார்கள். குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று அடியில் தங்கிவிடும். ஊருக்குள் மூட்டமும் புகையுமாக இருக்கும்போது மலைமேல் பளிச்சென்று வெயில் அடிக்கும். ஆஸ்துமா போன்ற தொந்தரவு இருப்பவர்கள் அந்த நாட்களில் காற்றின் தர அறிவிப்பைப் பார்த்துவிட்டு வெளியே கிளம்புவது நல்லது.

கீழே வெயிலாக இருக்கிறதே என்று சாதாரணக் காலணியோடு மலையேறக் கிளம்புவது இதற்கு நேர்மாறான தவறு, இதைவிட ஆபத்தானதும்கூட. பெல்டோன் தொகுதியின் உச்சி 2,977 மீட்டர். அதன் உயரமான பாதைகளில் ஜூன் மாதத்திலும் பனி கிடக்கலாம். வாடகைக் கார் எடுத்துக்கொண்டு மலைக்குப் போவதானால், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பனிக்கால டயரோ சக்கரச் சங்கிலியோ கட்டாயம் என்பதையும் நினைவில் வையுங்கள். 2021 முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. அவசர உதவிக்கு எண் 112.

பயணச்சீட்டு எடுக்கும்போதும் கவனம் வேண்டும். கிரெனோபிள் பெயரைத் தாங்கிய விமான நிலையம் நகரத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதை நம்பி வருவது பெரும்பாலும் பனிச்சறுக்குக் காலத்துக் கூட்டம். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு லியோன் விமான நிலையம் வந்து பேருந்து பிடிப்பதோ, பாரீஸிலிருந்து மூன்று மணி நேர அதிவேக ரயிலில் வருவதோ சுலபம்.

மாணவர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. பல்கலைக்கழகமும் ஆய்வுக்கூடங்களும் ஒரே வளாகம் என்று நினைத்து வீடு பார்த்துவிடுவார்கள். பெரிய பல்கலைக்கழக வளாகம் நகரத்தின் கிழக்குப் பக்கம், சேன்-மார்த்தான்-தேர், ஜியேர் பகுதியில் இருக்கிறது. சர்வதேச ஆய்வு நிலையங்கள் இருக்கும் அறிவியல் தீபகற்பமோ வடமேற்கு மூலையில், இரண்டு ஆறுகளுக்கு இடையில். இரண்டையும் இணைப்பது ‘பி’ டிராம். சேர்க்கைக் கடிதத்தில் வளாகத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, அப்புறம் அந்த டிராம் பாதையை ஒட்டி வீடு தேடுங்கள்.

இனி வரலாறு. நகரத்துக்கு மேலே தெரியும் பாஸ்தீல் கோட்டையைப் பார்த்து, பிரெஞ்சுப் புரட்சி வெடித்த இடம் என்று பலர் புகைப்படம் எடுத்துப் போடுகிறார்கள். 1789இல் மக்கள் தாக்கிய பாஸ்தீல் பாரீஸில் இருந்த சிறை. கிரெனோபிள் கோட்டையின் இன்றைய வடிவம் 19ஆம் நூற்றாண்டில், தளபதி ஆக்ஸோவின் திட்டப்படி எழுந்தது. அங்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. 1934 முதல் ஓடும் ரோப் காரில் ஏறிப் போனால் முழு நகரமும் கண்ணுக்குக் கீழே விரியும். ஆனால் புரட்சியில் கிரெனோபிளின் உண்மையான பங்கு தெருவில் இருக்கிறது. 1788 ஜூன் 7 அன்று, உள்ளூர் நீதிமன்ற உறுப்பினர்களை ஊரைவிட்டு வெளியேற்ற வந்த அரசப் படைமீது மக்கள் கூரைகளில் ஏறி ஓடுகளைப் பிய்த்து எறிந்தார்கள். பாரீஸ் பாஸ்தீல் விழுவதற்கு ஓராண்டுக்கும் முன்பே நடந்தது இது. அடுத்த மாதம் 21ஆம் தேதி பக்கத்து ஊரான விசீலின் மாளிகையில் பிரதிநிதிகள் கூடி, நாடு தழுவிய மக்களவையைக் கூட்டும்படி கோரினார்கள். அந்த மாளிகை இன்று பிரெஞ்சுப் புரட்சி அருங்காட்சியகம். ஒரு நாள் மிச்சமிருந்தால் இங்கே போங்கள் என்றுதான் சொல்வேன்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, இந்த ஊரின் அறிவியலை மலையிலிருந்து பிரித்துப் பார்ப்பது. மலை ஒரு பக்கம் அழகுக்கு, ஆய்வுக்கூடங்கள் இன்னொரு பக்கம் தற்செயலாக என்று பலரும் எழுதுகிறார்கள். நடந்தது அப்படியல்ல. 1869இல் அரிஸ்தீத் பெர்ஜெஸ் என்ற பொறியாளர், கிரெனோபிளுக்கு அருகே லான்சேயில், 200 மீட்டர் உயரத்திலிருந்து குழாய் வழியாகத் தண்ணீரை இறக்கி, காகிதத்துக்கு மரக்கூழ் அரைக்கும் எந்திரங்களைச் சுழலவைத்தார். பிறகு அதே மலைநீர் மின்சாரம் தந்தது. ‘வெள்ளை நிலக்கரி’ என்று அதற்குப் பெயரே வந்தது. மின்சாரத்தைத் தேடி ஆலைகள் வந்தன. ஆலைகளுக்குப் பொறியாளர்கள் தேவைப்பட, அவர்களை உருவாக்கப் பள்ளிகளும் ஆய்வுக்கூடங்களும் வளர்ந்தன. 1925இல் இந்த நீர்மின்சக்திக்காகவே ஒரு சர்வதேசப் பொருட்காட்சி நடந்தது. அதற்காகக் கட்டிய கான்கிரீட் பெரே கோபுரம் இன்றும் பூங்காவில் நிற்கிறது.

அந்த மண்ணில்தான் 1940இல் வந்து சேர்ந்த இயற்பியலாளர் லூயி நேல் காந்தவியல் ஆய்வை வளர்த்தார். 1956இல் அணு ஆய்வு மையம் அவர் முயற்சியில் வந்தது, 1970இல் அவருக்கு நோபல் கிடைத்தது. நியூட்ரான் ஆய்வுக்கான லாவ்-லாஞ்சவான் நிலையம் 1967இல் நிறுவப்பட்டது. 1980இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாஸ் ஃபான் கிளிட்சிங், கடுங்குளிரிலும் வலிமையான காந்தப்புலத்திலும் மின்தடை படிப்படியாக மாறும் குவாண்டம் ஹால் விளைவைக் கண்டறிந்ததும் இங்கிருந்த உயர் காந்தப்புல ஆய்வகத்தில்தான்.

தீபகற்பத்தின் முனையில் இருக்கும் 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தை ஜெனீவாவின் சேர்ன் போன்ற துகள் மோதல் எந்திரம் என்று எண்ணுவதும் தவறு. இது ஐரோப்பிய சின்க்ரோட்ரான். இங்கே துகள்களை மோதவிடுவதில்லை. மிக வேகமாகச் சுற்றும் எலெக்ட்ரான்களை வளைத்து, அவை வெளியிடும் எக்ஸ்-கதிரைக் கொண்டு புரதங்களையும் உலோகங்களையும் புதைபடிவங்களையும் ஆராய்கிறார்கள். சிதம்பரத்தில் பிறந்து 2009இல் வேதியியல் நோபல் பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் செல்லுக்குள் புரதங்களை உருவாக்கும் ரைபோசோம் பற்றிய தம் ஆய்வுக்கு இந்த நிலையத்தின் கதிர்களைப் பயன்படுத்தியவர்.

நேரே சின்க்ரோட்ரானின் வாசலுக்குப் போய் உள்ளே நுழையலாம் என்று மட்டும் நம்பாதீர்கள், முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். அது முடியாவிட்டால் பாஸ்தீல் கோட்டையிலிருந்து வளையத்தின் வட்டத்தைத் தெளிவாகப் பார்க்கலாம். லான்சேயில் பெர்ஜெஸ் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. வளையத்தைப் பார்ப்பதற்கு முன்பே அங்கே ஒரு பிற்பகல் ஒதுக்குங்கள்.