மங்கல், கலங்கல், மழுப்பல்: ஒன்றுக்கு மற்றொன்றை எழுதாதீர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், ஒரு பொருள் தன் தெளிவை இழக்க எத்தனை வழிகள் உண்டு என்பது தெரியும். பெல்ஜியம் கண்ணாடியில் ரசம் போயிருக்கும். பித்தளைச் செம்பு களிம்பேறியிருக்கும். கல்யாணப் படத்தில் முகங்கள் வெளிறியிருக்கும். சட்டத்துக்குள் ஈரம் புகுந்து ஓரமெல்லாம் பழுப்பேறியிருக்கும். பேரேட்டில் மை ஊறிப் பரவியிருக்கும். விற்பனைப் பட்டியல் எழுதுகிறவரோ இத்தனைக்கும் ஒரே சொல்லைப் போட்டு வேலையை முடித்துவிடுவார்: "மங்கலானது." சென்னையிலிருந்து விலை கேட்கிறவருக்கு இதிலிருந்து என்ன விளங்கும்? களிம்பைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துவிடலாம். வெளிறிய முகம் திரும்பி வராது. இரண்டுக்கும் ஒரே விலையா?

தமிழில் தெளிவின்மையைக் குறிக்கும் சொற்களில் பெரும்பாலானவை காரணத்தையும் சேர்த்தே சொல்பவை. குறை ஒளியிலா, பொருளிலா, நீரிலா, பேசுகிறவர் மனத்திலா என்று அவையே பிரித்துக் காட்டிவிடும். ஒருபொருட் பன்மொழி என்று அகராதி அவற்றை ஒரே வரிசையில் நிறுத்துவதை நம்பி, எதற்குப் பதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று நினைப்பதே முதல் தவறு.

மங்கல் வேறு, கலங்கல் வேறு

மங்குவது ஒளியும் நிறமும் மெருகும். கலங்குவது நீர், அதையொட்டி மனமும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு மங்கலாம். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லும் மங்கலாம். ஆனால் அது புழங்கப் புழங்க மெருகேறும் கல். ஆள் நடமாட்டம் இல்லாமல் பூட்டிக்கிடக்கும் வீட்டில்தான் மங்கும். ஊருணித் தண்ணீர் "மங்கலாக இருக்கிறது" என்று எழுதினால் படிக்கிறவர் ஒரு கணம் விழிப்பார். இந்தச் செம்மண் பூமியில் முதல் மழைக்கு ஊருணியில் வந்து சேர்வது கலங்கல் நீர்.

கலங்கலுக்கு நேர் எதிரே நிற்பது தெளிவு. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துவிட்டு நீரை ஊற்றி வைத்தால் சற்று நேரத்தில் மண் அடியில் தங்கி, நீர் மேலே தெளியும். தெளிதல், தேறுதல், தேற்றுதல் எல்லாம் ஒரு குடும்பத்துச் சொற்கள். அதனால்தான் கலங்கிய மனத்தைத் தேற்றுகிறோம். மங்கிய மனத்தைத் தேற்றுவதாக யாரும் சொல்வதில்லை. அடியில் தங்குவது மண்டி. இந்தப் பக்கத்துச் சமையலில் மண்டி என்றே ஒரு பண்டம் உண்டு, அரிசி கழுவிய நீரில் வெண்டைக்காயோ மொச்சையோ போட்டுச் செய்வது. அது கலங்கலாக இருப்பதுதான் அதற்கு அழகு! கலங்கல் எங்கும் குறையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

வெளிச்சத்துக்கான சொற்களில் ஒரு பள்ளம் இருக்கிறது. "கருக்கலில் வந்தார்" என்று எழுதினால் அது விடியலுக்கு முன்பா, பொழுது சாய்ந்த பிறகா? கருக்கல் இரண்டுக்கும் வழங்கும். விடிகருக்கல் என்றோ மாலைக் கருக்கல் என்றோ சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. பனிமூட்டம், புகைமூட்டம், மேகமூட்டம் ஆகியவற்றில் காரணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முன்னால் "தெளிவற்ற" என்று இன்னொன்றை ஒட்டவைக்கத் தேவையில்லை.

எழுத்து தெரிகிறது, பொருள் தெரியவில்லை

அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். பெட்டகத்தின் அடியிலிருந்து ஒரு கடிதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மை கறுப்பாக, எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. மேலே "சித்திரபானு வருடம்" என்று போட்டிருக்கிறது. குறிப்பு எழுதுகிறவர் "தேதி தெளிவாக இல்லை" என்கிறார். தேதியில் ஓர் எழுத்துகூட அழியவில்லை. சிக்கல் என்னவென்றால் தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. 1882 சித்திரையில் பிறந்ததும் சித்திரபானு, 1942 சித்திரையில் பிறந்ததும் சித்திரபானு. "ஆண்டு 1882 அல்லது 1942 ஆகலாம்" என்று எழுதினால் போதும். அடுத்துப் படிக்கிறவர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார். உள்ளே, ரங்கூனைவிட்டு நடந்தே ஊர் திரும்பியவர்களைப் பற்றிய பேச்சு இருந்தால், ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்த 1942 என்று தேறிவிடும். "தெளிவாக இல்லை" என்று மூடிவிட்ட கடிதத்தை யாரும் மறுபடி பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

ஓலைச்சுவடிக்கும் இது பொருந்தும். பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். அப்படிப்பட்ட ஓலையில் எழுத்து மயங்குகிறது என்று சொல்ல வேண்டும். செல்லரித்திருந்தால் எழுத்து சிதைந்திருக்கிறது. வேகமாக எழுதிய கை என்றால் கிறுக்கல். மூன்றும் வாசிப்பவருக்கு மூன்று விதமான வேலை.

இரண்டு பொருள் தருவதைக் கவர்பொருள் என்பார்கள். பழைய உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் "செம்பொன்பதின்றொடி". தொடி என்பது பழைய எடை அளவு. செம்பொன் பத்துத் தொடியா, செம்பு ஒன்பது தொடியா? வட்டிக்கடை நடத்திய ஊரில் இந்த உதாரணத்தை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய எழுத்தில் இதே மயக்கம் பெயரடை வழியாக வருகிறது. "பெரிய செட்டியார் வீட்டுச் சாவி" என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவைத்தால், பெரியது எது? செட்டியாரா, வீடா, சாவியா? முகப்புக் கதவுச் சாவி கை நீளத்துக்கு இருப்பது இங்கே சாதாரணம் என்பதால் மூன்றும் பொருந்தும். "செட்டியார் வீட்டுப் பெரிய சாவி" என்று சொல்லை இடம் மாற்றினால் தீர்ந்தது. இதற்குப் போய்க் குழப்பம் என்று பெயர் வைக்க வேண்டாம். கவர்பொருளில் வழிகள் இரண்டோ மூன்றோதான், ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும். குழப்பத்தில் வழியே தெரியாது.

ஐயத்தையும் திரிபையும் கலக்காமல் இருப்பதும் முக்கியம். கருக்கலில் தூரத்தே நிற்பதைப் பார்த்து "குற்றியோ மகனோ" என்று திகைப்பது ஐயம். மரக்கட்டையை மனிதன் என்றே முடிவு செய்து கும்பிட்டுவிடுவது திரிபு. ஐயப்படுகிறவருக்குத் தமக்குத் தெரியவில்லை என்பதாவது தெரியும்.

பேச்சில் தெளிவில்லை என்றால் யார்மேல் குற்றம்?

பேச்சைப் பற்றிய சொற்களைக் கூசாமல் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். இவற்றில் ஒவ்வொன்றும் பேசியவரைப் பற்றிய ஒரு தீர்ப்பு. மழுப்பினார் என்றால் அவருக்குப் பதில் தெரியும், சொல்ல மனமில்லை என்று நீங்கள் குற்றம்சாட்டுகிறீர்கள். பூசி மெழுகினார் என்றால் நடந்த தவறு ஒன்று உள்ளே இருக்கிறது. பூடகமாகச் சொன்னார் என்றால் புரிய வேண்டியவருக்குப் புரியட்டும் என்று சொன்னார். சூசகம் அதைவிட ஒரு படி வெளிப்படை. உளறினார் என்றால் மறைக்கும் நோக்கம் இல்லை, சொல்லும் திறமும் இல்லை. மொட்டையாகச் சொன்னார் என்றால் சொன்ன அளவுக்குப் புரிகிறது. ஊரும் பேரும் நாளும்தான் விடுபட்டிருக்கின்றன.

பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டிலிருந்து பதில் வருகிறது.

"கலந்து பேசிச் சொல்கிறோம் ஆச்சி. பெரியவர்கள் ஊரில் இல்லை."

இதை ஆச்சி பெண்ணின் தகப்பனாரிடம் எப்படிச் சொல்வார்? "மழுப்புகிறார்கள்" என்றால் சம்பந்தம் அத்துடன் முறிந்தது. "பிடிகொடுக்காமல் பேசுகிறார்கள்" என்றால் இன்னும் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். விவரம் தெரிந்த ஆச்சி இரண்டாவதைத்தான் சொல்வார். செய்தி எழுதுகிறவர்களுக்கும் இந்த நிதானம் வேண்டும். அமைச்சர் பதில் சொல்ல மறுத்தால் மறுத்தார் என்று எழுதலாம். மழுப்பினார் என்று எழுத, அவருக்கு உண்மை தெரியும் என்பதற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

பவணந்தி முனிவர் நன்னூலில் அடுக்கும் பத்துக் குற்றங்களில் "குன்றக் கூறல்" ஒன்று, "மயங்க வைத்தல்" இன்னொன்று. போதாமல் சொல்வதையும், பொருள் மயங்கும்படி சொல்வதையும் அவர் தனித்தனிக் குற்றமாக வைத்திருக்கிறார். முதலாவதற்கு மருந்து விட்ட விவரத்தைச் சேர்ப்பது. இரண்டாவதற்கு விவரம் சேர்க்கச் சேர்க்க மயக்கம் கூடத்தான் செய்யும். வாக்கியத்தைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். "இந்தக் கட்டுரை தெளிவாக இல்லை" என்று மாணவர் நோட்டில் சிவப்பு மையால் எழுதும் ஆசிரியர்கள், இந்த இரண்டில் எது என்று ஒரு சொல் சேர்த்து எழுதலாம்.

அளவில் வரும் மயக்கம்

சுமார், ஏறத்தாழ, கிட்டத்தட்ட, தோராயமாக, உத்தேசமாக, குத்துமதிப்பாக என்று இதற்குச் சொற்கள் ஏராளம். கிட்டத்தட்ட என்றால் இலக்கை நெருங்கியாயிற்று. உத்தேசம் முன்கூட்டிப் போடும் மதிப்பு. குத்துமதிப்பு கணக்குப் பார்க்காமல் அடித்துவிடுவது. ஒப்பந்தக்காரர் கொடுக்கும் விலைப்புள்ளியில் அந்தச் சொல்லைக் கண்டால் கையெழுத்துப் போடாதீர்கள். "சுமார் 1,247 ரூபாய்" என்பதில் சுமாருக்கு வேலையே இல்லை. "சுமார் 10 முதல் 12 பேர் வரை" என்பதும் அப்படித்தான்.

வீட்டின் வயதைச் சொல்லும்போது "புராதன", "பழங்கால" என்று போடுவது இங்கே பரவலாகிவிட்ட ஒன்று. செட்டிநாட்டு மாளிகைகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940-களுக்கும் இடையில் எழுந்தவை. பர்மா தேக்கு உள்ளே இருப்பதைக் காட்டிக்கொண்டே "பழங்கால மாளிகை" என்று எழுதினால் எந்தக் காலம் என்று கேட்கத்தான் செய்வார்கள். "கட்டிய ஆண்டு தெரியவில்லை, 1900-க்குப் பிறகு இருக்கலாம்" என்று எழுதுவதால் வீட்டின் மதிப்பு குறைந்துவிடாது.

கடைசியாக, படிக்க முடியாத சொல்லை என்ன செய்வது? பழைய ஏட்டைப் படி எடுக்கும்போது ஊகித்து நிரப்பிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. வாக்கியம் அழகாக முடிந்துவிடும், ஆனால் அது ஏடு எழுதியவரின் வாக்கியம் அல்ல. போன எழுத்துகள் எத்தனை என்று இடத்தைப் பார்த்து மட்டிட முடிந்தால் அத்தனை புள்ளி வையுங்கள். பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: செல்லரித்தது, மை பரவியது, ஓரம் கிழிந்தது, எழுத்து மயங்குகிறது. ஊகம் இருந்தால் அதை அடிக்குறிப்பில் "ஆகலாம்" என்ற சொல்லோடு போடுங்கள், வரிக்குள் நுழைக்காதீர்கள்.